முக்காடிட்ட பெண்ணின் கோழிச்சோறு

அறியாமல் தின்றவனுக்குப் பாவமில்லை என்று மார்க்கம் சொல்கிறது. நல்லது. ஆனால் ஒருவனை அறியாமலே வைத்திருந்தவனுக்கு என்ன? சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் ஏலம் கூறி வந்த கச்சிமுகம்மதுவின் பிற்கால வாழ்க்கை இந்த ஒரு கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்ததுபோலத் தெரிகிறது. அவர் அதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல ஊரில் மௌலவிமார் இருந்தார்கள்.

அவரைப் பெரிய மனிதராக்க வேண்டியதில்லை. முன்கோபக்காரர். தோணிக்காரனுக்கு ஒரு முகமும் வியாபாரிக்கு ஒரு முகமும் காட்டத் தெரிந்தவர். ஏலம் கூறுகிறவனுக்கு அது தொழில். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு இரண்டு முகம் இருக்கவில்லை. பாரையின் செவுளைத் தூக்கிப் பார்த்து "வல்லாஹி, இப்ப கரையேறின மீன்" என்று அவர் சத்தியம் வைத்தால், கல்முனைச் சந்தை வியாபாரி கூடையைத் திறந்து பார்க்கமாட்டான். நேற்றைய மீன் என்றால் தோணிக்காரன் முறைக்க முறைக்க "நேற்றையது" என்றே கூவுவார். "கச்சிட வாய் தராசு" என்று கரையில் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவருக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதை மறைக்கவும் மாட்டார்.

அந்தப் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் பெண்ணோடு ஒரு வீட்டையும் கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். கச்சிமுகம்மதுவுக்கு ஒரே மகள், றம்ஸியா. அவளுக்கென்று வெட்டிய அத்திவாரம் மூன்று மாரி கண்டு, உள்ளே நாணல் முளைத்துக் கிடந்தது. ஏலத்தில் கிடைப்பது சோற்றுக்குச் சரி. எனவே எண்பத்துநான்காம் ஆண்டு, கொழும்பில் ஓர் ஏஜன்ட் யப்பானில் தொழிற்சாலை வேலை என்று சொன்னபோது, அவர் மனைவி றஹீமாவின் கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றி வாங்கிக்கொண்டு புறப்பட்டார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கடதாசிகள் பாங்கொக்கில் வைத்துக் கிடைக்கும், அங்கே கொஞ்ச நாள் தங்கவேண்டும் என்றார்கள்.

தங்கிய இடம் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையொன்றின் மேல்மாடி. ஐந்து பேர், எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். ஏஜன்ட்டின் ஆள் பாஸ்போட்டுகளை வாங்கிக்கொண்டு ஒரு விதியும் சொல்லிப் போனான்: ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் வெளியே போகலாம், கூட்டமாகப் போனால் பொலிஸ் அள்ளிக்கொண்டு போகும். போகிற ஆள் யார் என்று அவர்கள் பேசித் தீர்மானிக்கவில்லை. எல்லாரும் கச்சிமுகம்மதுவைப் பார்த்தார்கள். மூத்தவர் அவர், எல்லாருக்கும் காக்கா, அண்ணன் முறை; வாய்க்காரரும் அவர்.

வாய்க்காரருக்கு அந்தத் தெருவில் வாய் இருக்கவில்லை. கரையில் இரைச்சலையெல்லாம் ஒரே குரலால் அடக்கியவர், ஒரு தேநீருக்காகக் கையை வாய்க்கருகே சாய்த்துக் காட்டிக்கொண்டு ஊமையைப்போல் நின்றார். எழுத்துகள் புழு நெளிந்ததுபோல் இருந்தன. இரண்டு பக்கமும் தள்ளுவண்டிகள், அடுப்புகள், புகை. எதில் என்ன வேகிறது என்று தெரியவில்லை. ஒரு வாசனை நன்றாக இருக்கும். நன்றாக இருப்பதே பயமாக இருக்கும். வாழைப்பழமும் பாணும் வாங்கிக்கொண்டு படியேறுவார்.

மற்றவர்கள் இரண்டு மூன்று நாளில் சாப்பாட்டு விஷயத்தில் இறங்கிவந்தார்கள். அவித்த முட்டை தின்றார்கள், பொரித்த மீன் தின்றார்கள். இறங்காதவன் முனாப் ஒருவன்தான். மருதமுனைக்காரன், இருபத்தைந்து வயது, குர்ஆனில் பாதியை மனனமாக ஓதுகிறவன். முட்டையைக்கூட "எந்தச் சட்டியில அவிச்சதோ" என்று தள்ளிவைத்தான். பழம் தின்று தின்று வயிறு கழன்றது. காய்ச்சல் பிடித்தது. நின்று தொழுதவன் உட்கார்ந்து தொழுதான். பிறகு படுத்தபடி கண்ணால் தொழுதான்.

"நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்துல இடமிருக்குடா தம்பி," என்றார் கச்சிமுகம்மது.

"இரிக்கி காக்கா. அது சாகக் கிடக்கிறவனுக்கு. நான் இன்னம் சாகக் கிடக்கல்ல."

"நீ கிடக்கிற கிடையப் பாத்தா எங்களுக்கு அப்பிடித் தெரியல்லயே," என்றான் ஒலுவில்காரன் ஹமீட். அவன் எதையும் சிரிப்பாக்குகிறவன். அன்று அதற்கு அவனே சிரிக்கவில்லை.

"அறுத்த கோழி கிடைச்சாத் தின்பியா?" என்று கேட்டார் கச்சிமுகம்மது.

"முஸ்லிமான கை அறுத்ததெண்டு நீங்க செல்லுங்க, திங்கிறன். நீங்க சென்னாப் போதும்."

இப்படித்தான் அந்தப் பாரம் அவர் தலையில் ஏறியது. அவர் அதைப் பாரமாக நினைக்கவில்லை. ஊரில் எல்லாரும் அவரிடம் சொல்வதைத்தானே அவனும் சொன்னான்.

அடுத்த நாள் தெருவின் கோடிவரை போனார். அங்கே வேப்பமரம்போல ஒரு மரத்தடியில் கண்ணாடிப்பெட்டி வைத்த வண்டியொன்று நின்றது. பெட்டிக்குள் அவித்த கோழிகள் கழுத்தோடு தொங்கின. வேறு இறைச்சி ஒன்றும் இல்லை. அவரை நிற்கவைத்தது கோழியல்ல, அந்தப் பெண். ஐம்பது வயதிருக்கும். தலையில் ஒரு பூத்துணியைப் போட்டு, நெற்றியை மறைத்து, நாடிக்குக் கீழே இழுத்துச் செருகியிருந்தாள். சந்தைக்கு மீன் வாங்க வருகிற நம் பெண்கள் போடுகிற அதே முக்காடு. முழங்கை மறையச் சட்டைக்கை. வந்திறங்கிய நாள்முதல் அவர் கண்ட முதல் தலைமறைத்த பெண் அவள்தான்.

அவர் ஸலாம் சொன்னார். அவள் சிரித்துத் தலையை ஆட்டினாள். கோழியைச் சுட்டிக்காட்டினார். அது போதாது, அறுத்ததா என்று தெரியவேண்டும். இரண்டு முழங்கையையும் சிறகாக அடித்தார். சேவலைப்போல ஒருதரம் கூவினார். பக்கத்து வண்டிக்காரன் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தான். கச்சிமுகம்மது வெட்கப்படவில்லை, "பிஸ்மில்லாஹி, அல்லாஹு அக்பர்" என்று உரக்கச் சொல்லி, கையை மடக்கித் தன் தொண்டையில் குறுக்கே இழுத்துக் காட்டிவிட்டு, அவள் முகத்தைக் கேள்வியோடு பார்த்தார்.

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, பெரியவர் ஆசைப்பட்டுச் செய்கிறாரே என்றோ என்னவோ, தானும் கையைத் தொண்டையில் குறுக்கே இழுத்துக் காட்டினாள்.

கச்சிமுகம்மதுவுக்குக் கண் கலங்கிப்போனது. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது.

எத்தனை பேருக்கு என்று அவள் சைகையில் கேட்டாள். கை விரல்கள் ஐந்தையும் விரித்தார். அவள் ஐந்து பொலித்தீன் பைகளை எடுத்தாள். வேண்டாம் என்று மறித்து, இரண்டு கையாலும் காற்றில் பெரிய வட்டம் போட்டார். ஒரே தட்டம். ஊரில் கல்யாணச் சோற்றை எப்படிச் சுற்றியிருந்து ஒரு சஹனில் தின்போமோ அப்படி. அதை விளக்க நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து, இல்லாத நாலு பேரைச் சுற்றிவர இருத்தி, இல்லாத சோற்றில் கைபோட்டும் காட்டினார். அவள் வண்டிக்கடியில் தேடி, விளிம்பு உடைந்த பெரிய எனாமல் தட்டமொன்றை எடுத்துச் சோற்றைக் கொட்டி, மேலே கோழியை வெட்டிப் பரப்பினாள். சோறு ஒவ்வொரு பருக்கையும் மினுங்கியது.

மேல்மாடியில் அவர் தட்டத்தை நடுவில் வைத்தார். முனாப் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"காக்கா?"

"முஸ்லிம் பொம்புள. தலைய மூடின பொம்புள. அறுத்த கோழியா எண்டு கேட்டன், ஓம் எண்டா."

"எந்தப் பாசையில கேட்டீங்க?" என்றான் ஹமீட்.

"கோழிட பாசையில."

"அப்ப மாட்டுட பாசையிலயும் கேட்டுப் பாருங்க காக்கா, பெருநாள் வரப்போகுது."

முனாப் சிரிக்கவில்லை. "வல்லாஹியா காக்கா?"

"வல்லாஹி," என்றார் கச்சிமுகம்மது. செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிற அதே குரலில்.

ஐவரும் சுற்றியிருந்து பிஸ்மி சொல்லிக் கைபோட்டார்கள். முனாப் முதல் பிடியை வாயில் வைத்ததும் அழுதான். ஹமீட் கோழித்துண்டுகளைப் பிய்த்து அவன் பக்கத்துக்குத் தள்ளினான். சஹனில் அதுதான் வழக்கம்; தன் பக்கத்து இறைச்சி தன்னுடையதல்ல.

அதன்பிறகு ஒவ்வொரு மதியமும் அந்தத் தட்டம் போனது, வந்தது. அந்தப் பெண்ணுக்கு அவரைப் பிடித்துவிட்டது. தூரத்தில் வரும்போதே முழங்கையைச் சிறகாக அடித்துக் காட்டுவாள். முனாபின் காய்ச்சல் விட்டது. நின்று தொழத் தொடங்கினான். தொழுது முடித்து அந்தப் பெண்ணுக்காகத் துஆ கேட்டான். மற்றவர்கள் ஆமீன் சொன்னார்கள். ஏஜன்ட்டின் ஆள் வருவது குறைந்துகொண்டே போனது. யப்பானைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அந்த அறையில் நம்பிக்கையென்று மிஞ்சியிருந்தது அந்தச் சோறு ஒன்றுதான்.

ஒரு நாள் காலையில் முனாப் எழுந்திருந்து, "காக்கா, இண்டைக்கு வெள்ளனப் பசிக்கி," என்றான். வந்த நாளிலிருந்து அவன் வாயில் பசி என்ற சொல்லைக் கேட்டது அன்றைக்குத்தான். கச்சிமுகம்மது சந்தோஷமாகத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

வெயில் மரத்தடிக்கு வராத நேரம். அந்தப் பெண் வண்டிக்குப் பின்னால் முக்காலியில் இருந்தாள். தலையில் துணி இல்லை. நரையோடிய கட்டைமயிர், காதுவரை வெட்டியது. பூத்துணி மரக்கிளையில் காய்ந்தது. மரத்தின் அடியில் அவர் ஒருநாளும் கவனிக்காத சின்னச் சிலையொன்று. அதன் முன்னால் பூவும் ஊதுபத்தியும் ஒரு போத்தல் சிவப்புச் சோடாவும். அவள் மடியில் பலகை. பலகையில் ஒரு தலை. எந்தப் பாஷையும் தெரியாதவனுக்கும் பன்றியின் முகம் தெரியும். அவள் அதன் கன்னத்திலிருந்து வெள்ளைக் கொழுப்பை வழித்துச் சட்டியில் போட்டாள். முன்பே உருகியிருந்ததை அகப்பையால் அள்ளி, கழுவிய அரிசியில் ஊற்றிக் கிளறினாள். அரிசி மினுங்கியது.

அவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. கத்தி பிடித்த கையோடு முழங்கையைச் சிறகாக அடித்தாள்.

வேறு கடை தேடவில்லையா என்றால், தேடினார். வெறும் தட்டத்தோடு தெருக்களில் அலைந்தார். ஆனால் இப்போது தன் கண்ணையே அவரால் நம்ப முடியவில்லை. தலைமறைத்த பெண்கள் வண்டிக்கு வண்டி நின்றார்கள், வெயிலேறிவிட்டது. வெயிலுக்குத்தான் அந்தத் துணி. மூலைக்கடையில் வாழைப்பழம் தொங்கியது. அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். பழத்தோடு போனால் உண்மையையும் கொண்டுபோகவேண்டும். உண்மையைக் கேட்டால் முனாப் தின்றதையெல்லாம் நெஞ்சைக் கிழித்து வாந்தியெடுப்பான். பிறகு எதையும் தின்னமாட்டான். அந்த அறையிலேயே மௌத்தாவான். அப்படித்தான் அவர் நினைத்திருக்கவேண்டும். அல்லது வல்லாஹி என்று சொன்ன வாயைத் திறந்து, இல்லை என்று சொல்ல அவருக்கு முடியாமல் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று எடைபோட வெளியே நிற்கிறவர்களால் முடியாது. அவராலும் முடிந்திருக்காது.

அவர் மரத்தடிக்குத் திரும்பிப் போய்த் தட்டத்தை நீட்டினார்.

"எங்க காக்கா இவ்வளவு நேரம்?" என்றான் முனாப்.

"அடுப்பு பத்தச் சுணங்கிட்டு."

ஐவரும் சுற்றியிருந்தார்கள். அவரும் கைபோட்டார். கைபோடாமல் இருந்திருக்கலாம், வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சஹனில் ஒருவன் கையை எடுத்தால் மற்ற நாலு கையும் நிற்கும். அவர் தின்றார். அன்றும் தின்றார், அதற்குப் பிறகும் தின்றார். மற்ற நால்வரும் அறியாமல் தின்றார்கள். அறிந்து தின்றவர் அவர் ஒருவர்தான்.

ஏஜன்ட்டின் ஆள் வராமலே போனான். வாடகை கிடைக்காத கட்டடச் சொந்தக்காரன் பொலிஸைக் கூட்டிவந்தான். ஐவரையும் கொஞ்ச நாள் அடைத்துவைத்துக் கட்டுநாயக்காவுக்கு விமானம் ஏற்றினார்கள். கச்சிமுகம்மது போன சட்டையோடு சாய்ந்தமருதில் வந்திறங்கினார். அத்திவாரத்தில் நாணல் இடுப்பளவு வளர்ந்திருந்தது.

கரைக்குப் போனார். ஏலம் கூறினார். ஆனால் மீனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. விலையை மட்டும் கூவுவார். "புதுசா காக்கா?" என்று வியாபாரி கேட்டால், "மீன் உனக்கு முன்னால கிடக்கு, பாத்து எடு," என்பார். முதலில் வெளிநாடு போய்வந்த பெருமை என்றார்கள். பிறகு கண் பார்வை மங்கிவிட்டது என்றார்கள். தோணிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறொருவனிடம் போனார்கள். அவன் எல்லா மீனுக்கும் சத்தியம் வைப்பான்.

முனாப் வேறு மாதிரி வந்தான். பள்ளிவாசலில், மையித்துக் கிடக்கிற சாவு வீட்டில், கல்யாணச் சஹனில், எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் கதையைச் சொன்னான். அந்நிய நாட்டில், பாஷை தெரியாத தெருவில், ஹராமுக்கு அஞ்சியவனுக்கு அல்லாஹ் ஒரு முஸ்லிம் பெண்ணை எழுப்பிக் கொடுத்த கதை. நன்றாகச் சொன்னான். கச்சிக் காக்கா கோழிபோல் கூவியதைச் சொல்லும்போது சனம் சிரிக்கும். அந்தப் பெண் கழுத்தில் கையை இழுத்துக் காட்டியதைச் சொல்லும்போது அமைதியாகும். ஒரு வெள்ளிக்கிழமை மௌலவி அதைக் குத்பாவிலேயே எடுத்துச் சொன்னார். அதே பேச்சில், அறியாமல் நடப்பதற்குக் குற்றம் பிடிக்கப்படமாட்டாது என்றும் சொன்னார். தூணோடு சாய்ந்திருந்த கச்சிமுகம்மதுவைச் சிலர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

ஒரு மாலை முனாப் கரைக்கு வந்து அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். பெட்டிக்கடை போட்டு, அது கொஞ்சம் நிமிர்ந்திருந்த காலம்.

"அந்த உம்மாட பேரு கூடத் தெரியா காக்கா. வெள்ளிக்கெழம தோறும் அவவுக்கெண்டு யாஸீன் ஓதுறன்."

கச்சிமுகம்மது அவனைப் பார்த்தார். "முனாப்," என்றார்.

"என்ன காக்கா?"

இழுத்துக் கவிழ்த்த தோணியொன்றின் மேல் காகங்கள் சண்டை பிடித்தன. அவர் ஒரு பிடி மணலை அள்ளி அவற்றின் பக்கம் எறிந்தார். "இருட்டுது. கடையப் பூட்டினாயா?" என்றார்.

எண்பத்தேழில், றம்ஸியாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தபோது, முனாப் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். வீடு வேண்டாம், சீதனம் வேண்டாம், கிடுகுக் கொட்டிலானாலும் குடியிருப்பேன் என்று சொல்லியனுப்பினான். அந்தப் பகுதியில் அப்படி ஒரு மாப்பிள்ளை வருவது கடல் பாலாவதைப் போல. றஹீமா இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தாள். றம்ஸியா சிரித்ததைத் தகப்பன் கண்டார். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்துத் தட்டிக்கு இந்தப்புறமிருந்து அவனுடைய கதையை அவளும் கேட்டிருந்தாள்.

பேச்சை முடிக்க ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பிறகு, முனாபும் அவன் மாமாவும் ஹமீடும் வந்தார்கள். ஒலுவிலிலிருந்து ஹமீடைக் கூட்டிவந்தது முனாப்தான், பாங்கொக் சஹனில் இருந்தவன் ஒருவனாவது கூட இருக்கட்டும் என்று. றஹீமா ஊர்க்கோழி பிடித்து, கச்சிமுகம்மது கையாலேயே அறுக்கவைத்து, நெய்ச்சோறு ஆக்கியிருந்தாள். பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்தாள். கைகழுவச் செம்பும் படிக்கமும் சுற்றிவந்தன.

"காக்கா, கூவுங்க, அப்பத்தான் கோழி ருசிக்கும்," என்றான் ஹமீட்.

மாமா சிரித்தார். "இந்தச் சோத்தக் கண்டா எனக்கு மருமகன்ட கதைதான் ஞாபகம். ஒருக்கா செல்லு மனே, பொம்புளைகளும் கேட்கட்டும்."

முனாப் சொன்னான். கதவு மறைவில் வளையல் சத்தம் கேட்டது. சொல்லி முடித்து, "காக்கா வல்லாஹி எண்டு செல்லாட்டி நான் அந்த அறையிலயே மௌத்து. இந்த உசிரு காக்கா தந்தது. அத இந்த ஊட்டுலயே வெச்சிருக்கத்தான் வந்திரிக்கன்," என்றான்.

"அப்ப என்ன, பிஸ்மி செல்லிக் கைபோடுவம். கைபோட்டா முடிஞ்சமாதிரித்தானே," என்றார் மாமா.

மூன்று கைகள் சஹனுக்கு மேல் நீண்டு, மூத்தவருக்காகக் காத்து நின்றன. சோறு நெய்யில் மினுங்கியது. அந்த வல்லாஹிக்குக் கிடைத்த விலையாகத்தான் மாப்பிள்ளை எதிரே இருக்கிறான் என்று கச்சிமுகம்மதுவுக்குத் தெரிந்தது.

"இந்தச் சம்பந்தம் சரிவராது," என்றார்.

ஹமீட் அதையும் பகிடி என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திக்கொண்டான்.

"என்னில என்ன குறை காக்கா?" என்றான் முனாப். சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது அது.

"உன்னில ஒரு குறையுமில்ல."

"அப்ப?"

அவர் படிக்கத்தை இழுத்து, சோற்றைத் தொடாத கையை இன்னொரு முறை கழுவினார். எழும்பி, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கரைப்பக்கமாக நடந்தார். அன்று வெள்ளிக்கிழமை, கரையில் ஏலம் இல்லை.

முனாப் அடுத்த வருஷம் கல்முனையில் கலியாணம் முடித்தான். அதன்பிறகு றம்ஸியாவைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. ஏன் என்று றஹீமா அழுது கேட்டாள், ஏசிக் கேட்டாள், பேசாமலிருந்து கேட்டாள். மகள் ஒருதரம்கூடக் கேட்கவில்லை.